இடது கதவு

வண்ணார்பேட்டை பைபாசிலிருந்து கொஞ்சம் உள்ளே கடை.
ஆனி மாதம் ஷட்டரைப் பாதிக்கு மேல் ஏற்ற மாட்டேன்,
காற்று மண்ணோடு வரும்.
ஒரு துகள் போதும்,
கோட்டிங் காய்வதற்குள் அதில் உட்கார்ந்து
மூன்று வருடம் வாடகை தராமல் குடியிருக்கும்.

ஆவுடைநாயகி கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறவர்.
தாழையூத்தில் வீடு. கருநீலக் கார், வாங்கி ஏழு மாதம்.
இருபத்தெட்டாயிரம் என்றேன்.
கைப்பையை மடியில் நிறுத்திக்கொண்டு கேட்டார்:
"அப்போ கோடு விழாதா?"

விழும்.
டப்பாவில் ஒன்பது எச் என்று போட்டிருக்கிறானே
அது பென்சில் கணக்கு அக்கா, வைரக் கணக்கு இல்லை.
கங்கைகொண்டான் ரோட்டில் லாரி தெறிக்கிற சல்லிக்கு
படிக்கத் தெரியாது.

"காக்கா எச்சம்?"
அன்றைக்கே துடைத்தால் வந்த தடம் தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம் என்று விட்டால்
கோட்டிங்கையும் தின்னும், பெயிண்டையும் தின்னும்.

"போர் தண்ணி?"
மழை முத்து முத்தாக உருண்டு ஓடும்,
டீ ஆறுவது தெரியாமல் நின்று பார்க்கலாம்.
போர் தண்ணியும் உருளும்.
வெயிலில் காய விட்டால்
ஒவ்வொரு முத்தும் போகும்போது
ஒரு சுண்ணாம்பு வளையல் கழற்றி வைத்துவிட்டுப் போகும்.

பிறகு என்னதான் லாபம் என்று கேட்கவில்லை அவர்.
நானாகத்தான் சொன்னேன்:
உங்கள் தெருத் தூசி பனியில் நனைந்து
பானட்டில் தோசையாக ஒட்டுமே, இனி ஒட்டாது.
பைப்பைக் காட்டினால் எழுந்து போய்விடும்.
வெயிலுக்கு நீலம் சட்டென்று வெளுக்காது.
கழுவுகிற நேரம் பாதி.
பளபளப்பு, அது உங்களுக்கே தெரியும்.

தலையாட்டினார். முன்பணம் எண்ணி வைத்தார்.

ராத்திரி விளக்கைச் சாய்த்துப் பிடித்தான் நயினார்.
துடைத்த துணியெல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தது
வட்டவட்டமாக, சிலந்தி வலை போல.
இடது பின்கதவில் மட்டும் ஒரு கோடு,
கைப்பிடியிலிருந்து சக்கரம் வரை, இரண்டு சாண்.
நகத்தால் இழுத்துப் பார்த்தேன். மாட்டவில்லை.
மெஷின் வைத்தால் அரை மணி நேரம்.
போன் போட்டேன்.

"தொடாதிய!"

அது பிரமநாயகம் போட்டதாம்.
பக்கத்து வீடு. காம்பவுண்டுச் சுவர், அரை அடி.
பாளையங்கோட்டைக் கோர்ட்டில் கேஸ் நடக்கு,
வண்டி எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும் என்று
வக்கீல் சொல்லியிருக்காராம்.

மேலே கோட்டிங் போட்டால்
கோடு உள்ளேயே நின்றுவிடும் அக்கா,
பிறகு எடுக்கணும்னா எல்லாத்தையும் உரிக்கணும்.

"அதுக்குத்தானே வந்தேன்.
மழையில வெயில்ல அழியாம இருக்கணும்லா?"

கல்யாணத்துக்குப் போட்டிருக்கிறேன்,
மச்சான் கார் மின்னுகிறது என்பதற்காகப் போட்டிருக்கிறேன்.
ஒரு கீறலைக் காப்பாற்றப் போட்டதில்லை.
இரண்டு பக்கமும் டேப் ஒட்டி
நயினார் மூச்சை அடக்கிக்கொண்டு பாலிஷ் போட்டான்.
மற்ற கோடெல்லாம் போனபின்
அந்த ஒன்று
முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் வந்தார்.
ஏழு நாள் கழுவாதீங்க என்றேன்.
வாரண்டி அட்டையில் பொடி எழுத்து வரை படித்தார்,
பேரேடு பார்க்கிற கண்.
"மூணு வருஷம்தானா?
வாய்தாவே அதுக்கு மேல இழுக்கும் போலிருக்கே."
ஐந்து வருடத்துக்கும் ஒன்று இருக்கு, எட்டாயிரம் கூட.
"வக்கீல்ட்ட கேட்டுச் சொல்லுதேன்"
என்று சொல்லி ரிவர்ஸ் எடுத்தார்,
இடது பக்கம் தூணில் இடிக்காமல்
அவ்வளவு பார்த்து.

அடுத்த வாரம் ஒரு வெள்ளைக் கார்.
இறங்கியவர் கடையைப் பார்க்காமல்
தெருவை ஒருமுறை பார்த்தார்.
தாழையூத்து என்றார்.
அந்த நீல வண்டிக்கு எத்தனை லேயர் என்றார்.
இரண்டு என்றேன்.
"நமக்கு மூணு போடுங்க."
பில் எழுதப் பெயர் கேட்டேன், சொன்னார்.
நான் நிமிரவில்லை.
குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"கோடு விழாதுல்லா?"