சூடு படக் கூடாது

உன் கிற்றார் மன்னிப்புக் கேட்குது என்றான் தினுக்க,
தெஹிவளைக் கராஜில், ட்ரம் குச்சியால்
முதுகைச் சொறிந்தபடி.
சிங்களத்தில் சொன்னான். எந்த மொழியில் சொன்னாலும்
உண்மையாய்த்தான் இருந்திருக்கும்.

நாளுக்கு எட்டு மணித்தியாலம்
காதில் ஹெட்செட்டோடு இருக்கிறேன்.
சிரமத்துக்கு வருந்துகிறோம், மூன்று மொழியில்,
பில் கூடிப்போனவர்களிடம்,
லைன் அறுந்தவர்களிடம்,
சும்மா யாரையாவது ஏச வேண்டியிருந்தவர்களிடம்.
அந்தப் பணிவு விரல் வழியே இறங்கித்
தந்தியிலும் ஒட்டிவிட்டதாக்கும்.

ஒரு ஃபஸ் பெடல் வாங்கு என்றான்.
வாடகை போக, சீட்டுக்காசு போக
மிஞ்சியதை இரண்டு தரம் எண்ணினேன்.
மூன்றாம் தரமும் அது கூடவில்லை.

முதலில் புறக்கோட்டை.
வயர்ச் சுருள்களுக்கும் ரிமோட் குவியலுக்கும் நடுவே
ஒரு நீலப் பெட்டி. சிலிக்கன்.
மிதித்தேன்.
தகரக் கூரையில் யாரோ ஒரு லொறி சல்லி கொட்டினார்கள்.
நல்ல சத்தம். நம்பக்கூடிய சத்தம்.
"விடியவும் இதுதான் தங்கச்சி, பொழுதுபட்டும் இதுதான்,
ஒரு வருசம் கேரண்டி."
குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும்
அதே கோபம்.
எனக்கு லைனில் வருகிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.
யோசிச்சிட்டு வாறன் என்றேன்.

பிறகு கொம்பனித்தெரு.
நாலாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை.
துவான் ஃபாரிஸ் கட்டாருக்குப் போகிறான்,
கட்டில் உட்பட எல்லாம் விலைக்கு.
ஜெர்மானியம் என்றான்,
காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோல்.
பற்றரியில் மட்டும்தான் ஓடும், அதுவும் பாதி தீர்ந்த பற்றரி என்றால்
இன்னும் நல்லது.

கையில் வாங்கினேன். சில்லென்றிருந்தது.
பகல் ஒன்றரை மணி, சித்திரை மாதம்,
மின்விசிறி சூட்டைக் கிண்டிக்கொண்டிருக்கிற அறை.
ஒரு இரும்புப் பெட்டிக்கு எங்கிருந்து வந்தது இந்தக் குளிர்?

தாழ்ந்த தந்தியை ஒருதரம் தட்டினேன்.
ஈரச் சாக்கைக் கிழிப்பதுபோல் ஒரு உறுமல்,
அதற்கு உள்ளே, இன்னும் உள்ளே,
யாரோ ஒருத்தி முனகுவதும் கேட்டது.
கிற்றாரின் குமிழைச் சற்றுக் குறைத்தால்
தெளிந்து வந்தாள். கூட்டினால் மறைந்தாள்.

அவன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் மேசையில் பெடல் விட்ட
ஈரச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிசம் போயிருக்கும்.
ஸ்வரங்கள் பாதியிலேயே அறுந்தன,
சொல்ல வாய் திறந்து
வேண்டாம் என்று விழுங்கியதுபோல்.

"பிரிட்ஜில வச்சிருந்தனீங்களா?"

அவன் சிரிக்கவில்லை.
ஐஸ்கிறீம் டப்பாவுக்குப் பக்கத்தில் என்றான்.
சூடு ஏறினால் இது குழம்பும். கொழும்பு இதற்குச் சரிவராது.
கட்டார் மட்டும் உனக்குச் சரிவருமா
என்று கேட்க வந்து, நானும் விழுங்கினேன்.

மூவாயிரம் ரூபா தானாகவே குறைத்தான்.
அது மன்னிப்பு. எனக்குத் தெரியும்,
என் தொழிலே அதுதான்.

ரெயினில் கதவடியில் நின்றேன்.
கடற்காற்றுக்கு நேரே
பெட்டியைப் பிடித்துக்கொண்டு.
பக்கத்தில் நின்றவர் பார்த்தார், கொஞ்சம் விலகி நின்றார்.
நீலப் பெட்டியை நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
புத்தியுள்ளவர்கள் அதைத்தான் வாங்குவார்கள்.
ஆனால் அதற்கு
ஒருதரமும் தொண்டை அடைக்கப்போவதில்லை.

வெள்ளவத்தையில் அறைதான் என்னுடையது,
பிரிட்ஜ் வீட்டுக்காரியினுடையது.
பாதி எலுமிச்சம்பழத்துக்கும் மோர்ப் போத்தலுக்கும் இடையில்
பெடலைச் செருகும்போது
பின்னால் சௌந்தரநாயகி அன்ரி.
"என்ன பிள்ளை இது?"

சொரி அன்ரி, நுனிநாக்குவரை வந்துவிட்டது.

மருந்து, என்றேன்.
சூடு படக் கூடாது.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்,
மூன்று குமிழையும் பார்த்தார்.
பிறகு ஒன்றும் கதைக்காமல்
தன் இன்சுலின் பெட்டியை
இரண்டு விரற்கடை தள்ளிவைத்தார்.