எல் போட்ட குச்சி

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் இப்போதெல்லாம் கம்பி
மேலே தூக்கியேதான் நிற்கிறது.
ஆனாலும் பில் வேண்டும்.
தென்னைநார், நூற்றி எண்பது கட்டு, ஆலப்புழை,
வண்டி நம்பர், கிலோமீட்டர்.
என்டர் தட்டுகிறேன்.
வட்டம் சுற்றுகிறது.
டிரைவர் மாசிலாமணி டீக்குப் போய்
வடை தின்று
பேப்பரில் ராசிபலன் பார்த்து
திரும்பி வந்து சன்னலில் தலை நீட்டுகிறார்.
வட்டம் சுற்றுகிறது.
"ஏனுங்க, உங்க பொட்டி இன்னும் பல்லு வெளக்கலீங்களா?"

பிளஸ் டூவில் கவர்மெண்டு கொடுத்த பெட்டி.
மூடியில் கோபுரம் பாதி தேய்ந்துவிட்டது.
அதன் கீழே ஒயிட்னரில் எழுதிய
இ. துளசிமணி, சி பிரிவு
மட்டும் சுரண்டினாலும் போகவில்லை.
உள்ளே ரெண்டு ஜிபி.

பொள்ளாச்சிக் கடையில் மூடியைத் திறக்கக்கூட இல்லை.
புதுசு எடுத்துக்கங்க மேடம்,
மாசம் ரெண்டாயிரத்து நூறு, பதினெட்டு மாசம்.
என் சம்பளம் பதினோராயிரம்.
சீட்டுக்கு மூன்று, வாடகைக்கு நாலு.
மீதியைப் படியிறங்கி முடிப்பதற்குள்
கணக்குப் போட்டுவிட்டேன்.
அதற்கு எந்த மெமரியும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறை பஸ்.
அஷ்கர் ராவுத்தர் கடை, கோழிக்கடைக்கு மேல் மாடி.
ஸ்குரூவை ஒவ்வொன்றாகக் கழற்றி
டீ சாசரில் போட்டார்.
உள்ளே நார்த்தூசி, ஒரு செத்த எறும்பு,
ரெண்டு ஸ்லாட்.
ஒன்றில் பச்சைக் குச்சி.
இன்னொன்று காலி.

பத்து வருஷமாகவா?
"யாரும் தொறந்து பாக்கலைங்களே."

"எட்டு ஒண்ணு புதுசா வாங்கி மாட்டலாம்.
ஆனா இந்த போர்டு எட்டை முழுங்குமான்னு
நான் சத்தியம் பண்ண மாட்டேன்.
நாலு போதும். பழசு. ஆறுநூத்தம்பது."
பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார்.
சீட்டுக்கட்டு போலப் பரப்பி
ஒன்றை விளக்குக்கு அடியில் பிடித்தார்.
"கடைசியில எல் இருக்கா பாருங்க."
எழுத்து எறும்புக்கால் அளவு.
இருந்தது.
"எல் போட்டது ரெண்டு பக்கமும் ஓடும்.
போடாதது சில பெட்டிக்குள்ள போனா
ஒக்காந்தே கெடக்கும், எந்திரிக்காது."

எங்கிருந்து கழற்றியது என்று கேட்டேன்.
"செக்போஸ்ட் ஆபீஸ் ஏலம். ஆறு மிஷின்."

அந்த மிஷின் முன்னால் நின்ற வரிசையில்
எங்கப்பாவின் லாரி
ஒரு தீபாவளியை முழுசாகக் கழித்திருக்கிறது.
அப்ப பழைய வண்டி நம்பரெல்லாம்
இதுக்குள்ள இருக்குங்களா?
ராவுத்தர் சிரித்தார்.
"கரண்டு போனா இதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது.
கடன் வாங்கின மச்சான் மாதிரி."

மாட்டினார். 'டக்' என்றது.
ரெண்டும் வேறவேற வேகமாம்.
வேகமானது மெதுவானதோடு சேர்ந்துதான் நடக்குமாம்.
அதற்கொன்றும் செய்ய முடியாதாம்.
திரையில் ஐந்து புள்ளி எட்டு.
ரெண்டும் நாலும் ஆறில்லையா?
"டிஸ்ப்ளேக்காரன் கொஞ்சம் எடுத்துக்குவான். மாமூல்."

பதினைந்து நாள் கேரண்டி,
மலையாளக் காலண்டர்த் தாளின் பின்பக்கம்
தமிழில் எழுதிக் கொடுத்தார்.
செத்த எறும்பை ஊதிவிட்டு மூடினார்.

திங்கட்கிழமை.
தென்னைநார், நூற்றி அறுபது கட்டு.
என்டர்.
பில் வந்து பிரிண்டரில் விழுந்தபோது
மாசிலாமணி ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.
தாளை ஆட்டிக் கூப்பிட்டேன்.
நடுரோட்டில் நின்று என்னைப் பார்த்தார்,
கடையைப் பார்த்தார்.
"என்ன அம்மிணி இப்படிப் பண்ணிப்போட்டீங்க,
வடை இன்னும் எண்ணெயிலயே கெடக்குதுங்."