மூன்று நாள் மாணவன்

கார்ட்டூனில் ஒரு அப்பா
மகனின் சீருடைக்குள் நுழைந்து
கடைசி பெஞ்சில் உட்காருகிறார்.
தொப்பை, பொத்தானைத் தெறிக்கவிடுகிறது.
யுகேந்திரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.
நான் நெத்திலித் தலை கிள்ளுகிறேன்.

நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து
வீட்டுக்கு வந்தால் இவன் குறட்டை.
கேமராவை அணைத்தேன்.
"உள்ளேன், டீச்சர்."
இவன் குரல்தான், கொஞ்சம் சளி பிடித்தமாதிரி.

மூன்று நாள் ஓடியது.
நாலாம் நாள் பின்னக் கணக்கு.
யாருக்கும் விடை வரவில்லை.
என் வாய் சும்மா இருக்கவில்லை.

டீச்சர் சற்றுநேரம் பேசவில்லை.
பிறகு,
"கெட்டிக்காரன். தூங்கி எழுந்து வாங்க" என்றார்.

திரையில் அப்பாவைக் காதைப் பிடித்து
வெளியே இழுக்கிறார்கள்.
"இப்படியெல்லாம் நடக்குமாம்மா?"
"போடா, யார் நம்புவா."

ஏழில் மூன்று.
இன்னும் ஞாபகம் இருக்கிறது.