கம்ப்ரசர் நின்ற இரவு

ஷாபியாவில் கிளம்பும்போதே சொல்லியிருந்தேன்
ஸ்பேனர் பையை எடுத்து வராதே என்று.
எடுத்து வந்திருந்தான்,
ஸ்பேர் டயருக்கு அடியில்.

லிவாவின் பேரீச்சந்தோப்புகள் தீர்ந்து
ரேடியோவில் அரபிக்காரர் குரல் கரகரத்து ஓய்ந்த இடத்தில்
ஓட்டல் இருந்தது.
மணல் நிறத்திலேயே கட்டியிருந்தார்கள்.
வாசலில் அந்த வெள்ளை லேண்ட்குரூசர் நிற்காவிட்டால்
தாண்டிப் போயிருப்போம்.

வரவேற்பில் நேபாளத்துப் பெண்
ஈர டவலும் குட்டிக் கோப்பையில் கஹ்வாவும் தந்தாள்.
எங்கள் ஆஸ்பத்திரிக் குலுக்கலில்
என் பெயருக்கு விழுந்த இரண்டு இரவு.
ஹனிமூனா என்றாள்.
பதினோரு வருடம் என்றேன்.
அதில் சேர்ந்து தூங்கியது எத்தனை என்று
அவள் கேட்கவில்லை.

எனக்கு இரவு டூட்டி, சந்தியாகுவுக்குப் பகல்.
நான் வரும்போது அவன் தலையணைக் குழி
இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்.
அதில்தான் தூங்குவேன்.
ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி எழுதித்தான் பேச்சு:
கேஸ் தீர்ந்துவிட்டது.
மோர் இருக்கிறது.
வாடகை செக் போட்டாச்சு.

அறைக்குள் நுழைகிற எவரும் ஜன்னலுக்கு ஓடுவார்கள்.
இவன் நடுவில் நின்று காது கொடுத்தான்.
"கெபாசிட்டர் போகப் போகுது.
மிஞ்சினா ரெண்டு வாரம்."

ராத்திரி பத்தரைக்கு எழுந்து ஏசியை அணைத்தான்.
நவம்பர்தானே, தாங்கும் என்றான்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல.
ஒன்றும் நடக்கவில்லை.
அந்த ஒன்றுமில்லாதது உள்ளே வந்து
கட்டில் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.
மானிட்டர் பீப் இல்லை
லிஃப்ட் மணி இல்லை
மேல்வீட்டில் நாற்காலி இழுபடவில்லை.
என் வயிறு உருண்டது அவனுக்குக் கேட்டுச் சிரித்தான்.
அவன் மூச்சில் மெல்லிசாக ஒரு விசில் உண்டு,
வலது மூக்கில்.
இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

விடிந்ததும் வெளியே வந்தால்
நடைபாதையில் மணல் கூட்டிக்கொண்டிருந்தார் ஒருவர்,
சட்டையில் மொஃபிஸ் என்று பெயர்.
பாலைவனத்தில், மணலை.
கூட்டி எங்கே கொட்டுவீர்கள் என்று இந்தியில் கேட்டேன்.
துடைப்பத்தால் சுற்றிக் காட்டினார்
இதிலென்ன சந்தேகம் என்பதுபோல.

சாலிம் எங்களை நடத்தியே கூட்டிப்போனான்.
முகட்டின்மேல் தையல் போட்டதுபோல ஒரு தடம், வண்டு.
பக்கவாட்டில் நரி வந்து சேர்ந்தது.
அதற்குமேல் நரியின் தடம் மட்டும் போனது.
சாலிம் புறங்கையால் வாயைத் துடைத்துக் காட்டினான்.

கண்ணுக்கெட்டிய வரை ஒரே மரம்.
அதன் கீழே ஓரிக்ஸ் இரண்டு,
எங்களைப் பொருட்படுத்தாமல்.
அவை எழுந்து போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு
பக்கத்தில் போனோம்.
காஃப் என்றான் சாலிம்.
இலையைக் கிள்ளிப் பார்த்தேன்.
இது வன்னி.
வன்னி என்றால் நெருப்பு என்றும் பொருள்.
அதன் நிழலில் முதுகு சாய்த்துக் குளிர்ந்தோம்.

பள்ளிக்கூடத்தில் பாலைக்குப் பிரிவு என்று எழுதி
முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.
பிரிவையெல்லாம் ஷாபியாவின் மூன்றாம் மாடியில்
முடித்துவிட்டல்லவா வந்திருக்கிறோம்.
தமிழ் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும்.

ஞாயிறு காலை இவனைக் காணோம்.
அறைக்குப் பின்னால், வெளி யூனிட்டின் மூடி கழற்றிக் கிடக்க
மொஃபிஸ் டார்ச் பிடித்திருந்தார்.
லீவில்கூடவா என்றேன்.
"அடுத்து வர்றவங்க தூங்க வேணாமா"
என்றான் திரும்பாமல்.
புது கெபாசிட்டரையும் கொண்டுவந்திருக்கிறான், பாவி.

இரவு எட்டுக்கு எனக்கு டூட்டி.
தோப்புகள் தெரியத் தொடங்கியதும்
ரேடியோவில் குரல் திரும்பி வந்தது.
கை நீட்டி அணைத்தேன்.
டயர் சத்தத்துக்கு அடியில்
அந்த விசில் கேட்கிறதா என்று
மதினத் ஸாயத் வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.