பன்னிரண்டாம் குழி

குவோப்பியோவில் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது.
உறைந்த ஏரியின் மேல் யாரோ கார் ஓட்டிப் போகிறார்கள்.
மூன்றாம் மாடியில் ஐலி ஹுக்கனென்
தட்டுகளுக்குத் தீனி வைக்கிறாள்,
இளஞ்சிவப்புத் திரவம், குழிக்குக் குழி,
திங்கள் புதன் வெள்ளி.

தட்டில் இருப்பவர் எண்பத்தொரு வயது ஆண்.
பெயர் இல்லை, எண் உண்டு.
பனியில் துளையிட்டு மீனுக்குக் காத்திருந்தவரோ,
வெல்டிங் பொறியில் கண் சுருக்கியவரோ,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

விழித்திரைக்கு அடியில்
ஒற்றைப் பாயாய் விரிந்து கிடந்த செல்கள்.
கருவிலேயே கருத்தவை.
ஒளி என்று ஒன்று உண்டென்று அறியுமுன்பே
அதற்கென மை கூட்டி வைத்துக்கொண்டவை.
அந்தக் கைமுதல்தான் கடைசிவரை,
முதிர்ந்த கண்ணில் புது மை ஊறாது
என்றுதான் அவள் படித்திருந்தாள்.

தட்டுக்கு வந்ததும் அவை பிரிந்தன.
பிரியப் பிரிய மை பங்குபோனது,
சொத்துப் பிரித்த வீட்டில்
ஆளுக்கொரு கரண்டி மிஞ்சுவதுபோல.
இரண்டாம் மாதம் வெறும் கஞ்சித் தெளிவு.
"கொட்டிவிடு" என்றார் சோர்மானென்.
சரி என்றாள்.
சரி என்றுவிட்டு
அடைகாக்கும் பெட்டியின் பின்வரிசைக்குத் தள்ளிவைத்தாள்.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
போன வசந்தத்திலிருந்து
வலக்கண்ணுக்கு ஜன்னல் சட்டம் வளைகிறது.
கட்டம் போட்ட தாளைக் காட்டினார்கள்;
நடுவில் நாலு கோடு நெளிந்தது.
ஆய்வகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று வியாழன். தீனி நாள் இல்லை.
மறந்துவிட்ட கைப்பேசிக்காகத் திரும்பி வந்தவள்
கோட்டைக் கழற்றாமலே
தட்டை நுண்நோக்கியில் வைத்தாள்.
தொண்ணூற்று நாலாம் நாள்.

ஓடி ஓடிப் பிரிந்தவை நின்றிருந்தன.
ஆறு பக்கமும் அண்டை வீடு வந்து
சுவரோடு சுவர் ஒட்டியபின்
பன்னிரண்டாம் குழியில் ஒரு மூலையில்,
தோசைக்கல்லில் தெறித்த கடுகுபோல்
இங்கொன்று அங்கொன்று,
பிறகு ஒரு தெருவே,
பழுப்பாக.

இடக்கண்ணால் பார்த்தாள்.
வலக்கண்ணால் பார்த்தாள்: அறுகோணங்கள் வளைந்தன.
வளைந்தாலும் கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

புதிதாய் ஊறியதா,
பழைய துகள்தான் ஒன்றுகூடியதா?
ஒரு குழி எதற்கும் சாட்சியாகாது.
குறிப்பேட்டில்
"12. மை?" என்று எழுதினாள்.
கேள்விக்குறியை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோய்
அப்படியே எடுத்துக்கொண்டாள்.

முப்பத்தேழு டிகிரிக்குள் தட்டைத் திருப்பி வைத்துக்
கதவைச் சாத்தினாள்,
இம்முறை முன்வரிசையில்.
கைப்பேசி மேசைமேலேயே கிடந்தது.