மூணாவது கேமரா

எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில்
பில் போடும் என் தலைக்கு நேர் மேலே
மூணாவது கேமரா.

முதலாளி மேசைத் திரையில்
மற்றவர்களுக்கெல்லாம் முகம்.
எனக்கு மட்டும் வகிடு.
கூட்ஸ் வண்டிக்கு வழிவிட்டு
கொருக்குப்பேட்டை கேட்டில்
ஜனம் ரெண்டாய்ப் பிரிந்து நிற்குமே,
அந்த அகலம்.

இருபத்துநாலு வயசு.
போர்த் தண்ணி என்றேன், ஷாம்பு என்றேன்.
டாக்டர் இரும்புச்சத்து என்றார்.
குளியலறைச் சல்லடையில் தினமும்
ஒரு சின்னக் கூடு.

நேற்று மழை. முதலாளி வரவில்லை.
ஸ்டூலை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன்,
கேமரா விடவில்லை.
போடா என்று
அண்ணாந்து பார்த்துச் சிரித்தேன்.

மேசை துடைத்துக்கொண்டிருந்த பெனாசிர்
திரையைப் பார்த்துக் கத்தினாள்:
"ஏய் ஜெசிந்தா,
பல்லுல கீரை!"