தாழ்ப்பாள், இரும்பு

இந்தக் கோட்டைக்குப் போர் தெரியாது.
தேனிலவுக்கு இத்தாலி போன காப்பித் தோட்டத்து துரை
ஒரு தபால் அட்டையோடு ஏற்காடு திரும்பினார்.
அட்டையில் பழுப்புக் குன்று, சதுரக் கோபுரம்,
பல் முளைத்த மதில்.
ஓமலூர்க் கொத்தனார் அய்யம்பெருமாளிடம் நீட்டி
இது வேண்டும் என்றார்.

அய்யம்பெருமாள் அட்டையைத் திருப்பினாராம்,
கட்டடத்தின் பின்பக்கம் பார்க்க.
அங்கே தபால் தலையும் யாரோ யாருக்கோ அனுப்பிய முத்தங்களும்.
அதனால் பின்சுவர் மட்டும் அவர் இஷ்டம்:
அகல் வைக்க ஏழு மாடக்குழி,
ஒரு புறா நுழையும் சந்து.

அம்பு எய்யும் துளைகள் பதினாறு.
ஒன்றிலிருந்தும் அம்பு போனதில்லை.
ஒன்றில் துரைசானி துண்டு காயப்போட்டாள்.
துரை விற்றுப் போனபின் மிளகுக் கிடங்கு,
பிறகு ரேஷன் கிடங்கு, பிறகு விடுதி,
இரண்டு தேர்தலுக்கு வாக்குச்சாவடி,
ஒரு சினிமாக்காரன் கோபுரத்திலிருந்து
வைக்கோல் போரில் குதித்தான்.
இப்போது அருங்காட்சியகம்.

பொருள்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை.
பொருளுக்கு நாற்பது சொல், மேலே போனால்
பலகை பிதுங்கும் என்கிறார் காப்பாட்சியர் தமயந்தி.
காட்டெருமைத் தலை: முப்பத்தெட்டு சொல்.
(இடது கண் சேலம் கடைவீதியில் வாங்கிய கோலிக்குண்டு.
அதை எழுதவில்லை.)
காப்பிக்கொட்டை சலிக்கும் சல்லடை: இருபத்தொன்று.
தபால் அட்டையும் உண்டு, சட்டத்துக்குள்.
கோபுரம் இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது.
குன்று பாக்கி.

வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்.
'இங்க சண்டை எப்பங்க நடந்துச்சு?'
தாரமங்கலத்துப் பையன் ஒருவன்
பாதாளச் சிறையைக் காட்டச் சொல்லி அழுதான்.
அவன் அப்பாவுக்கும் ஏமாற்றம்தான்,
காட்டிக்கொள்ளவில்லை.

கணக்குப்பிள்ளையின் பேரேட்டில்
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், ஆவணி மாதம்.
'பச்சைக்காய் பறித்ததுக்கு ஆளுக்கு அரையணா அபராதம்.
மழை. அறுபத்தோரு ஆள் வாசலில்.
கதவு சாத்தியது.'
மறுநாள்: 'மழை. வாசலில் அதே ஆள்.
துரைக்குப் பால் வரவில்லை.'
மூன்றாம் நாள்: 'மழை. கூடைகளைத் தலையில் கவிழ்த்து
உட்கார்ந்திருக்கிறார்கள்.
ரொட்டிக்காரன் திரும்பிப் போனான்.'
நாலாம் நாள் ஒரே வரி:
'கதவு திறந்தது. எல்லாரும் மலைக்காட்டுக்கு.'

அபராதம் என்ன ஆயிற்று? சொல்லவில்லை.
அடுத்த பக்கம் யூரியா மூட்டை விலை,
வேறு மை, வேறு கை, வேறு காலம்.
ஓரத்தில் மட்டும் சில பெயர்:
சடைச்சி, பொன்னான், காளியம்மா, இன்னொரு சடைச்சி,
'கைப்பிள்ளைக்காரி'.

அன்றைக்குப் போட்ட தாழ்ப்பாள் இருக்கிறது.
கதவிலிருந்து கழற்றித் துரு துடைத்துக்
கண்ணாடிக்குள் வைத்தோம். நான் எழுதினேன்:

தாழ்ப்பாள். இரும்பு. நீளம் இரண்டடி.
பயன்பாட்டில் இருந்தது மூன்று நாள்.

எட்டுச் சொல்.
'மீதி முப்பத்திரண்டு?' என்றார் தமயந்தி.
அறுபத்தோரு பேர் அதில் அடங்க மாட்டார்கள் என்றேன்.
ஐந்து பேர்தானே தெரியும் என்றார்.
அதுவும் சரிதான்.
இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு அவர் குடையை எடுத்துக்கொண்டு
கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

ஐந்து மணிக்கு மஞ்சு ஏறுகிறது.
பதினாறு துளை வழியாகவும் வந்து
காட்டெருமையின் கோலிக்குண்டில் வேர்க்கிறது.
கீழே சேலம் விளக்கு ஏற்றுவது
தெரிந்தும் தெரியாமலும்.
பலகையில் பாதி வெள்ளையாகவே விட்டிருக்கிறேன்.
தாழ்ப்பாள் உள்ளே இருப்பதால்
ராத்திரிக்குக் கதவுக்கு
ஒரு செங்கல்தான் முட்டு.